டொக்கோவா: ஒரு சின்ன அணையின் கணக்கு

அணை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மேட்டூர், பக்ரா நங்கல், அமெரிக்காவின் ஹூவர் அணை போன்ற பெரிய பெயர்கள்தான். பள்ளிப் பாடத்தில் வருவதும், சுற்றுலா போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் அவற்றைத்தான். ஆனால் அமெரிக்காவில் தனியார் அணைகளை அரசாங்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கியது ஹூவர் போன்ற ஒரு ராட்சத அணை இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு மூலையில், ஒரு கல்லூரிக்கு மேலே, ஒரு ஓடைக்குக் குறுக்கே கிடந்த மண் கரை அது. அதன் பெயர் கெல்லி பார்ன்ஸ் அணை.

1977-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சுமார் 1.30 மணிக்கு அந்தக் கரை உடைந்தது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள். அந்த அணை மின்சாரம் தயாரிப்பதை நிறுத்தி அப்போது 20 வருடங்கள் ஆகியிருந்தன.

இந்தக் கட்டுரை அந்த 20 வருடங்களைப் பற்றியது. ஒரு சொத்து சம்பாதிப்பதை நிறுத்தினால் அதைப் பற்றிய கவலையும் நின்றுவிடுகிறது. ஆனால் அணை விஷயத்தில் தண்ணீர் அப்படி நிற்பதில்லை!

எவ்வளவு சின்ன அணை?

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். கரையின் நீளம் சுமார் 400 அடி. உயரம் சுமார் 42 அடி, அதாவது ஏறக்குறைய நான்கு மாடிக் கட்டிடம். மேலே நடந்து போகும் இடத்தின் அகலம் 20 அடி. ஏரியின் பரப்பு சாதாரண நாட்களில் சுமார் 40 ஏக்கர்.

உடைந்த இரவில் அதில் இருந்த தண்ணீர் சுமார் 630 ஏக்கர்-அடி. நம்மூர்க் கணக்கில் மாற்றினால் ஏறத்தாழ 27 மில்லியன் கன அடி. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதாவது செம்பரம்பாக்கத்தில் நூற்று முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை. நம்மூரில் இதை ஏரி என்று கூடச் சொல்ல மாட்டார்கள், குட்டை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதே தண்ணீரை வேறு மாதிரியும் கணக்குப் போடலாம். 27 மில்லியன் கன அடி என்றால் சுமார் 77 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய 65,000 லாரிகள் வேண்டும். அந்த 65,000 லாரித் தண்ணீரும் ஒரு மலைச்சரிவின் உச்சியில், கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மேலே இருந்தது. அணை சின்னதா பெரியதா என்ற கேள்வியை மேலே இருந்து பார்த்தால் ஒரு பதில் வருகிறது, கீழே இருந்து பார்த்தால் வேறு பதில் வருகிறது.

அணைக்குக் கீழே டொக்கோவா அருவி. உயரம் 186 அடி. அருவியின் அடிவாரத்தில் ஆரம்பித்து ஓடைக்கரை நெடுகிலும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகம். மாணவர் விடுதி, ஆசிரியர்களின் வீடுகள், திருமணமான மாணவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த டிரெய்லர் வீடுகள் எல்லாம் அந்த ஓடையை ஒட்டித்தான் இருந்தன.

ஒரே கரை, மூன்று கட்டம்

கெல்லி பார்ன்ஸ் அணையை ஒரே நாளில் யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது.

1899-ல் முதலில் கட்டப்பட்டது கல் அடுக்கு அணை. மரக்கட்டைகளால் பெட்டி போலச் சட்டம் அடித்து, அதற்குள் கல்லை நிரப்பி ஓடையை மறிப்பது அந்தக் காலத்து முறை. அருவியின் அடிவாரத்தில் இருந்த சிறிய மின் நிலையத்துக்குத் தண்ணீர் தருவதற்காக அது கட்டப்பட்டது. 186 அடி இயற்கையான உயரம் இலவசமாகக் கிடைக்கும்போது யாருக்குத்தான் மின்சாரம் எடுக்கத் தோன்றாது?

1911-ல் கல்லூரி அந்த இடத்துக்கு வந்தது. அருவிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தங்கும் விடுதியையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கி அங்கே குடியேறியது. ஆக, அணை முதலில் வந்தது. அதற்குக் கீழே மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள்.

இரண்டாவது கட்டம் 1937-ஐ ஒட்டித் தொடங்கியது. கல்லூரி தன் மின்சாரத் தேவைக்காக அணையைப் பெரிதாக்க முடிவு செய்தது. பழைய கல் அடுக்கை எடுக்காமல், அதன் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். மூன்றாவது கட்டம் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு. கரை இன்னும் உயர்த்தப்பட்டு 42 அடிக்கு வந்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய தேவை இருந்தது, அன்றைய நியாயமும் இருந்தது. ஆனால் கடைசியில் கிடைத்தது, உள்ளே ஒரு பழைய கல் அடுக்கும் அதன் மேல் இரண்டு வெவ்வேறு காலத்து மண்ணும் சேர்ந்த ஒரு கரை. இப்படிப்பட்ட கலப்புக் கரைகளில் கல்லும் மண்ணும் சந்திக்கும் இடங்கள் பலவீனமானவை. தண்ணீர் உள்ளே வழி தேடும்போது அந்த மாதிரி இடங்களைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

1957: மின்சாரம் நின்றது

1957-ல் மின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஏரி பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்பட்டது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ஒரு இயந்திரம் வாங்கினால் அதற்கு வருடா வருடம் தேய்மானம் கழிக்கிறோம். அதன் ஆயுள் முடியும்போது கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யத்துக்கோ, பழைய இரும்பு விலைக்கோ வந்துவிடும். பிறகு அந்த இயந்திரம் ஷெட்டின் மூலையில் கிடந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

அணை அப்படி இல்லை. அது சம்பாதிக்கும் காலத்திலும் சம்பாதிக்காத காலத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: 24 மணி நேரமும் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்பது. மின்சாரம் எடுக்கும் வரை அணைக்கு ஒரு வருமானம் இருக்கும், வருமானத்தைக் காரணம் காட்டி ஒரு பராமரிப்புச் செலவு கேட்கலாம், மதகையும் குழாயையும் தினமும் போய்ப் பார்ப்பதற்கு ஒரு ஆள் இருப்பார். மின்சாரம் நின்றால் முதலில் வருமானம் போகிறது. பிறகு செலவுக்கான காரணம் போகிறது. கடைசியில் தினமும் போய்ப் பார்க்கும் ஆளும் போய்விடுகிறார். தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கிறது.

இருப்புநிலைக் குறிப்பில் சொத்து ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம். பயன் முடிந்த அணையின் சொத்து மதிப்பு வருடா வருடம் குறைகிறது. பொறுப்பு வருடா வருடம் ஏறுகிறது, ஏனென்றால் கரைக்கு வயதாகிறது, கரைக்குக் கீழே வீடுகளும் கூடுகின்றன. ஆனால் அந்தப் பொறுப்பை எழுதுவதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரி இல்லை. யாரும் பில் அனுப்பாததால் அது செலவாகவே தெரிவதில்லை.

கரையில் வளர்ந்த மரங்கள்

மண் அணைக்கு எதிரிகள் வெளியில் இருந்து வர வேண்டியதில்லை. கெல்லி பார்ன்ஸ் கரையைப் பற்றிப் பிறகு விசாரித்தவர்கள் சொன்ன விஷயங்களைப் பார்த்தால் இது புரியும்.

முதலாவது, சரிவு. கரையின் வெளிப்பக்கச் சரிவு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. அதாவது ஒரு அடி உயரத்துக்கு ஒரு அடிதான் சாய்வு, 45 டிகிரி. மண் அணைகளுக்குப் பொதுவாக ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி அல்லது அதற்கும் மேல் சாய்வு கொடுப்பார்கள். காய்ந்த மண் 45 டிகிரியில் நிற்கலாம். நனைந்து ஊறிய மண் அந்தக் கோணத்தில் நிற்பது கஷ்டம். மணல் குவித்து விளையாடிய எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

இரண்டாவது, மரங்கள். கரையின் சரிவுகளில் செடிகொடிகளும் மரங்களும் அடர்ந்து வளர்ந்திருந்தன. பார்ப்பதற்குப் பசுமையாக, உறுதியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் மரத்தின் வேர் கரைக்குள் துளை போடுகிறது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, தண்ணீர் போக ஒரு குழாய் தயாராகிவிடுகிறது. இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், புதர் மண்டிய கரையில் விரிசலோ கசிவோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, கசிவு. எந்த மண் அணையிலும் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். தெளிவான தண்ணீர் கசிந்தால் பயம் குறைவு. கலங்கிய தண்ணீர் வந்தால் கரையின் உள்ளிருக்கும் மண்ணும் கூடவே வருகிறது என்று அர்த்தம். உள்ளே மண் அரித்து ஒரு குழல் உண்டாகும். அது வெளிப்பக்கத்தில் இருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கி நீளும். ஏரியைத் தொட்ட பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம்.

இதெல்லாம் பொதுவான அறிவு. இந்த அணையில் ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கையும் இருந்தது. 1973-ல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில், கரையின் வெளிச்சரிவில் சுமார் 12 அடி உயரத்துக்கும் 30 அடி அகலத்துக்கும் மண் சரிந்து கிடப்பது தெரிகிறது. அணை உடைவதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே கரை தன் நிலைமையைச் சொல்லிவிட்டது. அந்தப் புகைப்படத்தின் அர்த்தத்தை விசாரணை வாரியம் எழுதியது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அந்த இரவு

1977 நவம்பர் 2 முதல் 5 வரை அந்தப் பகுதியில் சுமார் 7 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதில் பாதி, 3.5 அங்குலம், நவம்பர் 5-ஆம் தேதி மாலை 6 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் கொட்டியது. வடகிழக்குப் பருவமழையைப் பார்த்தவர்களுக்கு நான்கு நாளில் 18 சென்டிமீட்டர் என்பது கேள்விப்படாத மழை அல்ல.

அதிகாலை 1.30 மணிக்குக் கரை போனது. கீழே அளந்து கணக்கிட்டபோது வெள்ளத்தின் உச்சம் வினாடிக்குச் சுமார் 23,000 கன அடி என்று தெரிந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் இருந்து திறக்கப்பட்டதாக அரசு சொன்ன அளவு 29,000 கன அடி. அந்தப் பெரிய ஏரிக்குப் பக்கத்தில் வைக்க முடியாத ஒரு குட்டை, சில நிமிடங்களுக்கு ஏறக்குறைய அதே வேகத்தில் தண்ணீரை அனுப்பியது. கரை உடையும்போது மதகும் இல்லை, அளவும் இல்லை. இருப்பது மொத்தமும் ஒரே நேரத்தில் வருகிறது.

அந்தத் தண்ணீர் 186 அடி அருவியில் இறங்கி வளாகத்துக்குள் புகுந்தது. 9 வீடுகள், 18 டிரெய்லர் வீடுகள், 2 கல்லூரிக் கட்டிடங்கள் முழுவதும் அழிந்தன. டிரெய்லர் வீடு என்பது அடித்தளம் இல்லாமல் நிற்கும் இலேசான வீடு. வெள்ளத்துக்கு முன்னால் அது ஒரு பெட்டிதான். இறந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள் என்பதற்கு, ஓடையோரத்தில் குடும்பங்கள் தங்கியிருந்தது ஒரு முக்கியக் காரணம். சேதத்தின் மதிப்பு 28 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது.

அப்போது அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர். அவர் ஜார்ஜியாக்காரர். 1971 முதல் 1975 வரை அதே மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். அவருடைய மனைவி ரோசலின் கார்ட்டர் நேரில் வந்து பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார்.

விசாரணை சொன்னது

ஜார்ஜியா ஆளுநர் ஜார்ஜ் பஸ்பி கேட்டுக்கொண்டதால் மத்திய அரசின் பொறியாளர்களைக் கொண்ட ஒரு விசாரணை வாரியம் அமைக்கப்பட்டது. 1977 டிசம்பரிலேயே அது அறிக்கை கொடுத்துவிட்டது.

ஒரே ஒரு காரணத்தைக் காட்ட முடியவில்லை என்று வாரியம் நேர்மையாகச் சொன்னது. ஆனால் பெரும்பாலும் நடந்திருக்கக் கூடியதை வரிசைப்படுத்தியது. செங்குத்தான வெளிச்சரிவில் ஓரிடத்தில் மண் சரிந்தது, அதற்கு உள் அரிப்பும் காரணமாக இருந்திருக்கலாம். அதனால் கரையின் உச்சியில் ஓரிடம் உடைந்தது. அந்த உடைப்பில் தண்ணீர் பாய்ந்து கரையை மேலும் மேலும் அரித்தது. ஊறிப்போன கரை மொத்தமாகச் சரிந்தது.

இந்த வரிசையைக் கவனமாகப் படித்தால், மழை எங்கே வருகிறது என்பது தெரியும். மழை ஏரியை நிரப்பியது, கரையை நனைத்தது. ஆனால் 45 டிகிரி சரிவையும், கசிவையும், முன்பே சரிந்த மண்ணையும் அந்த மழை கொண்டுவரவில்லை. அவை பல வருடங்களாக அங்கேயே இருந்தன. 'இயற்கைச் சீற்றம்' என்ற வார்த்தை இந்த மாதிரி நேரங்களில் நிறையப் பேரைக் காப்பாற்றிவிடுகிறது.

சட்டம் இருந்தது, பணம் இல்லை

இந்தக் கதையில் வருத்தமான பகுதி இதுதான். இப்படிப்பட்ட அணைகளைப் பரிசோதிக்க அமெரிக்காவில் ஐந்து வருடங்களுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது.

1972 பிப்ரவரி 26-ல் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைத் தேக்கியிருந்த அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக அதே வருடம் ஆகஸ்டில் தேசிய அணைப் பரிசோதனைச் சட்டம் கையெழுத்தானது. நாட்டில் உள்ள அணைகளைக் கணக்கெடுத்து, பரிசோதிக்க ராணுவப் பொறியாளர் படைக்கு அது அதிகாரம் கொடுத்தது.

கணக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 50,000 அணைகளின் பட்டியல் தயாரானது. ஆனால் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. பட்டியல் போடுவதற்குக் காகிதம் போதும், கரையில் ஏறிப் பார்ப்பதற்குப் பொறியாளர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

1976 ஜூன் 5-ல் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை உடைந்தது. 305 அடி உயரம், மத்திய அரசு கட்டியது, முதல் முறையாக நிரப்பும்போதே போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் கார்ட்டர் அணைப் பாதுகாப்பை மறு ஆய்வு செய்யச் சொல்லி உத்தரவு போட்டார். ஆனால் அந்த உத்தரவு மத்திய அரசுத் துறைகளின் அணைகளைப் பற்றியது. ஒரு கல்லூரிக்குச் சொந்தமான மண் கரை அதில் வராது. அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த வருடத்திலேயே டொக்கோவா உடைந்தது.

அதற்குப் பிறகுதான் பணம் வந்தது. 1972 சட்டத்தின்படி தனியார் அணைகளைப் பரிசோதிக்கும் பணியை உடனே தொடங்கும்படி கார்ட்டர் ராணுவப் பொறியாளர் படைக்கு உத்தரவிட்டார். 1978 முதல் 1981 வரை நான்கு வருடங்களில் 8,800-க்கும் அதிகமான அணைகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரியவந்தது! அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் குறை ஒன்றுதான்: பெரிய வெள்ளம் வந்தால் உபரி நீரை வெளியேற்றும் கலிங்கு போதாது.

ஜார்ஜியாவும் 1978-ல் பாதுகாப்பான அணைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. உடைந்தால் உயிர்ச்சேதம் நிகழக்கூடிய அணைகளை அது முதல் வகையாகப் பிரித்தது. அண்டை மாநிலமான அலபாமாவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இப்படி ஒரு சட்டம் வரவில்லை. எல்லையின் இந்தப் பக்கம் பாடம் படித்தார்கள், அந்தப் பக்கம் ஓடைகள் அதே மாதிரிதான் ஓடின.

ஆபத்து வேறு, பலவீனம் வேறு

இந்தச் சட்டங்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்திரிகைகளிலும் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் விஷயம் இது. ஒரு அணையை 'அதிக ஆபத்து' வகை என்று சொன்னால் அது உடையப்போகிறது என்று அர்த்தம் இல்லை. அது உடைந்தால் கீழே உயிர் போகும் என்று மட்டுமே அர்த்தம். கரை எப்படி இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

இதன் விளைவு என்னவென்றால், அணையில் ஒரு கல்லைக் கூட யாரும் தொடாமலேயே அதன் வகை மாறலாம். காட்டுக்குள் கட்டிய அணைக்குக் கீழே ஐம்பது வருடத்தில் பத்து வீடு வந்தால் அது அதிக ஆபத்து அணை ஆகிவிடும். வீடு கட்டியவர்களுக்கு மேலே அணை இருப்பது தெரியாமலிருக்கலாம். அணையின் சொந்தக்காரருக்குக் கீழே வீடு வந்தது தெரியாமலிருக்கலாம். டொக்கோவாவில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அங்கே அணையின் சொந்தக்காரரும், கீழே குடியிருந்தவர்களும் ஒரே குடும்பம் போன்றவர்கள். கரை உடைந்தால் முதலில் பாதிக்கப்படுவது தாங்கள்தான் என்ற நிலையிலும் அந்தப் பொறுப்பு கண்ணில் படவில்லை. தெரிந்தே அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்வது எளிது. தங்கள் குழந்தைகளையே கீழே தூங்க வைத்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது நியாயமாகப் படவில்லை. ஆபத்தை அளந்து சொல்ல அவர்களுக்கு யாரும் இல்லை என்பதுதான் நடந்தது.

யார் செலவு செய்வது?

'சரி, பழுது பார்க்க வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். பழைய அணையைச் சரிசெய்வது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல இல்லை. சரிவை அகலப்படுத்த வேண்டும், வடிகால் அமைக்க வேண்டும், கலிங்கைப் பெரிதாக்க வேண்டும். எல்லாம் பெரிய செலவு. அந்தச் செலவால் சொந்தக்காரருக்கு ஒரு டாலர் கூட வருமானம் கூடாது. லாபம் முழுவதும் கீழே இருப்பவர்களுக்கு, செலவு முழுவதும் மேலே இருப்பவருக்கு. பொருளாதாரப் பாடத்தில் வரும் புறவிளைவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரிசெய்ய முடியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்து வைப்பது அல்லது கரையைப் பொறியாளர்களின் மேற்பார்வையில் வெட்டித் திறந்துவிடுவது. கோடைக் காலத்தில், மெதுவாக, திட்டமிட்டு. கௌரவம் கொஞ்சம் குறையும், மீன் பிடிக்க இடம் இருக்காது. ஆனால் பயன் முடிந்த அணைக்கு இதுதான் முறையான இறுதிக் கணக்கு. கணக்கை முடிக்காமல் விட்டால் மழை வந்து முடிக்கும்.

அமெரிக்காவில் தேசிய அணைப் பாதுகாப்புத் திட்டம் 1996-ல் சட்டமானது. மாநிலங்களுக்குப் பயிற்சியும் பரிசோதனைக்கு உதவியும் கிடைத்தன. ஆனால் மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத ஆபத்தான அணைகளைச் சரிசெய்யவே மானியம் தரும் திட்டத்துக்கு 2016-ல்தான் சட்டம் இடம் கொடுத்தது. டொக்கோவாவுக்கும் அதற்கும் இடையில் 39 வருடங்கள். இன்று அமெரிக்காவின் தேசியப் பட்டியலில் 90,000-க்கும் மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் தனியாருடையவை. சராசரி வயது 60-ஐ எட்டிவிட்டது.

மறுபடியும் அதே கதை

இதெல்லாம் 1977-ன் கதை, இப்போது நடக்காது என்று நினைப்பவர்களுக்காக 2020-ல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

டிட்டபவாசி ஆற்றில் ஈடன்வில் அணை 1920-களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. பின்னாளில் அது ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பெரிய வெள்ளத்தைக் கடத்த அதன் கலிங்கு போதாது என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வேலை நடக்கவில்லை. கடைசியில் 2018 செப்டம்பரில் ஆணையம் மின் உற்பத்தி உரிமத்தை ரத்து செய்தது.

தண்டனை சரியானதுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். உரிமம் போனதால் மின்சார வருமானம் போனது. மத்திய ஆணையத்தின் கண்காணிப்பும் போய், பொறுப்பு மாநில அரசிடம் வந்தது. ஏரி மட்டும் அப்படியே இருந்தது. 2020 மே 19-ல் பெருமழைக்குப் பிறகு கரையின் வெளிச்சரிவு சரிந்து அணை உடைந்தது. அதற்குக் கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் போனது. இம்முறை சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் யாரும் இறக்கவில்லை.

டொக்கோவாவில் 1957-ல் நடந்ததும் ஈடன்வில்லில் 2018-ல் நடந்ததும் ஒன்றுதான். அணையிலிருந்து வருமானத்தைப் பிரித்துவிட்டார்கள். தண்ணீரைப் பிரிக்கவில்லை. இடைப்பட்ட 60 வருடங்களில் கற்றுக்கொண்டது, மனிதர்களை நேரத்துக்கு வெளியேற்றுவது. அது சின்ன விஷயம் இல்லை. 39-க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆனால் கரையைப் பற்றிய கணக்கு இன்னும் சரியாகவில்லை.

எனவே ஒரு அணைக்கு உரிமம் தரும்போதும், விற்கும்போதும், உற்பத்தியை நிறுத்தும்போதும் ஒரே ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கினால் போதும்: இது சம்பாதிக்காத நாளில் இதைப் பார்த்துக்கொள்ளப் பணம் எங்கிருந்து வரும்? அதற்குப் பதில் இல்லையென்றால், சம்பாதிக்கும் காலத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். இயந்திரத்துக்குத் தேய்மான நிதி வைப்பது புதிய இயந்திரம் வாங்குவதற்காக. அணைக்கு வைக்க வேண்டியது, அதை ஒருநாள் ஒழுங்காக மூடுவதற்காக.

கெல்லி பார்ன்ஸ் அணையை யாரும் திரும்பக் கட்டவில்லை. டொக்கோவா அருவி இன்றும் விழுகிறது, மேலே ஏரி இல்லாமல். அடிவாரத்தில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஏரி இல்லாமலேயே கல்லூரி இத்தனை வருடங்களாக நடந்துகொண்டிருக்கிறது. 1957-க்குப் பிறகு அந்த ஏரி எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.